நாலு மில்லிமீட்டர்

சத்துணவுக் கூடத்து ஜன்னலுக்குக் கம்பி அறுக்கையில்
ஏழாவது கம்பியில் பாதி வெட்டில்
கிரைண்டர் நின்றுபோனது.

நின்றது என்று முழுசாகச் சொல்ல முடியாது.
தட்டினால் ஓடியது.
இடப்பக்கம் சாய்த்தால் ஓடியது.
நிமிர்த்தினால்
இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

மணி மூன்றரை.
கோத்தகிரியில் மூன்றரை என்றால்
பள்ளத்திலிருந்து பனி ஏறி
பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தைப்
பாதி விழுங்கியிருக்கும்.
நேற்று ராத்திரி கரடி வந்து
பழைய கிரில்லைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி
பாமாயில் பாக்கெட் பதினொன்றைக் குடித்துவிட்டு
பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறது.
ருசி கண்டது இன்றும் வரும்.

"கரண்டு கம்மியா இருக்கும்" என்றார் மாதி அக்கா.
இருக்கலாம். இந்த மலையில்
எந்தக் குற்றத்தையும் முதலில் வோல்டேஜ் மேல்தான் போடுவோம்.
பல்பைப் பார்த்தேன். நேராக எரிந்தது.
வயரைக் கழுத்தருகே மடக்கிப் பார்த்தேன்.
சுவிட்சை நாலு தரம் அமுக்கிப் பார்த்தேன்.
"மோட்டார் எரிஞ்சுடுச்சு, புதுசுக்கு எழுதிடலாம்"
என்றார் கிளார்க் பெஞ்சமின்,
எழுதினால் அடுத்த மார்ச்சில் வரும் என்று தெரிந்தே.

எரிந்த மோட்டாரின் நாற்றம் எனக்குத் தெரியும்.
இது அது இல்லை.
இது இடி விழுந்த பிறகு காற்றில் வருமே,
அந்த வாடை.
காற்றுத் துவாரத்தில் கண்ணை வைத்து
இன்னொரு தரம் தட்டி ஓட்டினேன்.
உள்ளே நீலப் பொறிக்குப் பதிலாக
ஆரஞ்சு வளையம், முழு வட்டமாக.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு
இரண்டு பக்க மூடியையும் திருகினேன்.
வலப்பக்கக் கார்பன் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
இடப்பக்கம் நாலு.
ஒரே டப்பாவில் வந்தவை, ஒரே நாளில் நான் போட்டவை.
ஒன்று மட்டும் இப்படித் தேய
மற்றது என்ன செய்துகொண்டிருந்தது?
வலப்பக்கத்தை மறுபடி தள்ளிப் பார்த்தேன்.
தூசியில் சிக்கி, கூட்டுக்குள் பாதியிலேயே நின்றது.
தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது
இத்தனை மாதம்.

மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.
இந்த அளவு மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும்.
போக ஒன்றரை மணி, வர இரண்டு.
கரடி பஸ்ஸுக்குக் காத்திருக்காது.

பையின் அடியில் டிரில்லிங் மெஷினுக்கு வாங்கிய ஜோடி இருந்தது,
ஸ்பிரிங்கோடு.
அகலம் அரை மில்லிமீட்டர் அதிகம்.
உடைந்த ஜன்னல் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து
கார்பனை அதன்மேல் தேய்த்தேன்.
எட்டு இழுப்பு, ஒரு தரம் கூட்டில் வைத்துப் பார்ப்பது.
எட்டு இழுப்பு, வைத்துப் பார்ப்பது.
அவசரத்தில் பத்து இழுத்தால்
ஆடும் பல்லாகிவிடும்.
தள்ளாமல், தன் கனத்திலேயே
அது உள்ளே இறங்க வேண்டும்.
அக்கா டார்ச் பிடித்தார்.
பெஞ்சமின் சைக்கிள் பம்பால் கூட்டை ஊதினார்,
வெள்ளைச் சட்டையோடு.
அதற்கு நான் பொறுப்பில்லை.

மூடியைத் திருகி, வெட்டாமல்
வெறுமனே பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
புது கார்பனின் முகம் தட்டை. சுற்றுவதோ உருளை.
உரசி உரசித்தான் அதற்கு அந்த வளைவு வரும்.
முதலில் பொறி பறந்தது.
பிறகு குறைந்தது.
பிறகு நீலமாகி, சின்னதாகி,
துவாரத்தில் கண் வைத்தால் மட்டும் தெரிந்தது.

ஏழாவது கம்பி அறுந்து விழுந்தபோது இருட்டிவிட்டது.
வெல்டிங் முடிய எட்டரை.
நாலு மில்லிமீட்டர் துண்டைத் தூக்கிப்போட மனமில்லை.
பென்சில்போல எழுதும் அது.
ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில்
கார்பன் மாற்றிய தேதியை எழுதினேன்,
கீழே என் பெயர், யோகமலர்,
கூலி பாக்கி அறுநூறு.

காலையில் போய்ப் பார்த்தேன்.
கிரில் அப்படியே இருந்தது.
மூன்றாவது கம்பி மட்டும் ஒரு விரல் வளைந்திருந்தது.
வளைந்தது கம்பிதான், என் பற்று இல்லை,
அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.
தேதியைக் காணோம், பெயரையும் காணோம்.
அந்த இடத்தில் அகலமாய்
மூக்கோ தோளோ உரசிய கறுப்பு ஈரம்.
அறுநூறு மட்டும்
அழியாமல் இருந்தது.